சிறு உலோகப் பாகங்களுக்கு ஏற்ற காப்புப் பூச்சு

லூதியானாவின் சைக்கிள் பாகங்கள், ஜாம்நகரின் பித்தளைப் பாகங்கள், ராஜ்கோட்டின் எந்திர உறுப்புகள் என நம் நாட்டின் சிறுதொழில்கள் பல, சிறிய உலோகப் பொருள்களை நம்பியே இயங்குகின்றன. வாடிக்கையாளரின் வரைபடப்படி ஐம்பது, நூறு எனச் செய்து தரப்படும் பாகங்களும் இவற்றுள் அடங்கும். கடைசல் வேலை எவ்வளவு துல்லியமாக இருப்பினும், மேற்பூச்சு பொருந்தாவிடில் சரக்குத் திரும்பி வந்துவிடும். பெரிய ஆலைகள் இவ்விழப்பைத் தாங்கும். சிறு பட்டறையின் நடைமுறை மூலதனத்தையே அது விழுங்கிவிடக்கூடும்.

பாகம் எத்தகைய சூழலில் பயன்படப்போகிறது என்பதே முதற்கேள்வி. கூரைக்கடியில் இருக்கும் உருக்குப் பாகத்திற்குத் துத்தநாக மின்முலாம் சிக்கனமானது. துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு உருக்கைக் காக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும் காப்பு நீடிக்கிறது. பூச்சின் ஆயுள் பெரும்பாலும் அதன் கனத்தைப் பொறுத்தது. எனவே, திறந்தவெளிக்கும் கடலோரத்திற்கும், சுமார் 450 டிகிரி செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறையே ஏற்றது. நிக்கல்-குரோமிய முலாம் பளபளப்பும் தேய்மானத் தாங்குதிறனும் தரும். ஆனால் அதில் நுண்துளை இருப்பின், அவ்விடத்தில் உருக்கு விரைந்து துருப்பிடிக்கும். அலுமினியத்திற்கு ஆனோடைசிங் பொருத்தமானது.

அடுத்தது அளவு. வழக்கமான திருகு மரைகளில் பூச்சின் கனத்தைப் போல நான்கு மடங்கு, மரையின் இடைவிட்டத்தில் கூடுகிறது. 10 மைக்ரான் பூச்சு 40 மைக்ரானாகிவிடுவதால், கடையும்போதே இதற்கு இடம் விட வேண்டும். அறுபது மைக்ரானுக்கு மேற்படும் பவுடர் பூச்சு பூசுகையில் மரைகளை மூடி வைத்தல் நலம்.

மூன்றாவது வலிமை. அமிலக் கழுவலின்போதும் மின்முலாமிடும்போதும் உருக்கினுள் ஹைட்ரஜன் புகுகிறது. மிகு வலிமையுள்ள போல்ட்டுகளும் வில்சுருள்களும் இதனால் நொறுங்கும் தன்மை பெற்று, பளு ஏற்றப்பட்ட பின் திடீரென முறியக்கூடும். முலாமிட்டவுடன் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூடேற்றுவது இவ்வபாயத்தைக் குறைக்கும்.

முலாமிடுதலின் செலவு பட்டறையோடு முடிவதில்லை. துத்தநாகத்திற்கு மஞ்சள் நிறமளிக்கும் வழக்கமான கரைசலில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் நச்சாகும். கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்தால், அதன் விலையைச் சுற்றுப்புற மக்களே செலுத்த நேரிடும். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இத்தகைய கழிவைக் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் மின், மின்னணுப் பொருள்களில் இதன் பயன்பாட்டை 2006 முதல் கட்டுப்படுத்தியுள்ளது. மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல்கள் இதற்கு மாற்றாகக் கிடைக்கின்றன.

வரைபடத்தில் ‘முலாமிடுக’ என்று மட்டும் எழுதுவது போதாது. உலோகம், பூச்சின் வகை, குறைந்தபட்சக் கனம், செய்ய வேண்டிய சோதனை ஆகியவற்றுடன், துத்தநாக மின்முலாமுக்குரிய ஐ.எஸ். 1573 போன்ற தர நிர்ணயத்தையும் குறிப்பிட வேண்டும். கொள்முதல் செய்யும் அரசுத் துறைகளும் இதனைப் பின்பற்றுமாயின், மலிவான மெல்லிய பூச்சால் ஒப்பந்தம் பெறுவோருடன் தரமாகப் பணிபுரியும் சிறு பட்டறை போட்டியிட்டுத் தோற்க வேண்டியிராது.