பாங்காக் செல்பவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

தாய்லாந்துக்கு உல்லாசப் பிரயாணம் போய்த் திரும்பிய யாராவது ஒருவர், கையில் ஒரு நீலக்கல்லையும் அதற்குச் செலுத்திய தொகையைக் காட்டும் ரசீதையும் வைத்துக்கொண்டு, "இதற்கு இனி ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன காட்சி. செய்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் அதையெல்லாம் பாங்காக்கில், ஏமாந்த அன்றைக்கே, செய்திருக்க வேண்டும். ஊர் வந்து உறவினர்களிடம் அங்கலாய்ப்பதற்குச் செலவிட்ட நேரத்தில் ஒரு சிறு பகுதியை அங்கே ஒரு டெலிபோன் பேச்சுக்கும் ஒரு போலீஸ் அறிக்கைக்கும் செலவிட்டிருந்தால், பணத்தில் பெரும்பங்கு திரும்பி வருவதற்காவது நியாயமான வாய்ப்பு இருந்திருக்கும்.

அந்த டெலிபோன் எண் 1155. தாய்லாந்தின் சுற்றுலாப் போலீசாருக்குரிய எண் அது; இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலம் தெரிந்தவர்களோடு பேசலாம். பாங்காக் அரச சடங்குகளில் திருவெம்பாவை ஓதப்பட்ட சரித்திரத்தைப் பெருமையோடு எடுத்துரைக்கும் நம்மவர்கள், சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வரும் நம்மவர்கள், இந்த நான்கு இலக்கங்களை மட்டும் அறியாமல் திரும்பி வருவது எனக்கு இன்றுவரை விளங்காத விந்தை. டிக்கெட்டையும் ஹோட்டலையும் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜெண்டுகள் காலைச் சிற்றுண்டி இலவசம் என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். இந்த எண்ணை அச்சிடுவதில்லை. பாஸ்போர்ட் வழங்கும் அதிகாரிகளாவது அதனோடு ஒரு துண்டுத்தாளை இணைத்து, இன்ன இன்ன ஆபத்துக்கு இன்ன இன்ன பரிகாரம் என்று தாய்மொழியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மோசடி நடக்கும் விதம் ஆண்டுக்கணக்கில் மாறவே இல்லை. 1782-இல் முதலாம் ராமர் கட்டத் தொடங்கிய மகா அரண்மனையை நோக்கி நீங்கள் நடந்து போகும்போது, கண்ணியமான உடையணிந்த ஒருவர் எதிர்ப்பட்டு, இன்று ஏதோ பௌத்த விசேஷம் என்றும், அரண்மனை மத்தியானம் வரை மூடியிருக்கும் என்றும் மிகுந்த அனுதாபத்தோடு தெரிவிப்பார். அதே சமயத்தில், தற்செயலாக வந்ததுபோல ஒரு டுக்-டுக் வண்டி வந்து நிற்கும். வெறும் 20 பாட்டுக்கு நாலைந்து கோயில்களைக் காட்டுவதாக அதன் ஓட்டுநர் சொல்வார். அந்தக் கோயில்களில் ஒன்றிலே 'தற்செயலாக' இன்னொரு கனவான் சந்தித்து, அரசாங்க ஆதரவில் இன்று ஒரு நாள் மட்டும் வரியில்லாமல் ரத்தினக் கற்கள் விற்கப்படுகின்றன, சொந்த ஊருக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று ரகசியம் சொல்வார். அதன்பின் கடை. கடையில் வாங்கியதைக் கையில் தராமல், தபாலில் உங்கள் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று வற்புறுத்துவது இதன் கடைசி அங்கம். கல் கையில் இல்லாவிட்டால் நீங்கள் அதை அங்கே யாரிடமும் காட்டிப் பரிசோதிக்க முடியாதல்லவா!

அரண்மனை பொதுவாகத் தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கும், பிற்பகல் 3.30 வரை அனுமதிச்சீட்டு கிடைக்கும். அரச வைபவங்களை முன்னிட்டுச் சில நாட்களில் சில பகுதிகள் அடைக்கப்படுவது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் வாசலில் சீட்டுக் கொடுப்பவர். வீதியில் நிற்கும் அனுதாபி அல்ல. வாசல்வரை போய்ப் பாருங்கள். அரசாங்கமே ஆண்டுக்கொரு நாள் மாணிக்கத்தைத் தள்ளுபடியில் விற்கும் தேசம் உலகத்தில் எங்கும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் வாங்கிவிட்டீர்களானால், கல்லைக் கையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தபாலுக்குச் சம்மதிக்காதீர்கள். ரசீதில் கல்லின் வகை, எடை, விலை, கடையின் விலாசம் ஆகியவை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாங்காக்கிலேயே தாய்லாந்து ரத்தின ஆபரண நிறுவனத்தின் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. அதன் சான்றிதழ் கையில் இருந்தால் பேச்சு வேறுவிதமாகப் போகும். 1155-க்குச் சொல்லி, சுற்றுலாப் போலீசார் துணையோடு கடைக்குத் திரும்பிப் போங்கள். கார்டில் பணம் செலுத்தியிருந்தால், உங்கள் வங்கிக்கு அன்றே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்து, போலீஸ் அறிக்கையின் பிரதியை இணையுங்கள். அன்றே என்று சொல்கிறேன். விமானம் ஏறிய பிறகு அல்ல.

அடுத்தது பாஸ்போர்ட். பட்டாயாவிலும் புக்கெட்டிலும் கடற்கரையில் ஜெட்-ஸ்கி வாடகைக்கு விடுபவர்களும், மோட்டார் சைக்கிள் வாடகைக்காரர்களும் அதை ஈடாகக் கேட்கிறார்கள். நம்முடைய இளைஞர்கள் யோசனையின்றி எடுத்து நீட்டிவிடுகிறார்கள். சவாரி முடிந்து திரும்பியதும், முன்பே இருந்த ஒரு கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கான பாட் நஷ்டஈடு கேட்கும்போது, பாஸ்போர்ட் அவன் மேஜை அறையில் இருப்பதால், கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவது தவிர வேறு உபாயம் இல்லாமல் போகிறது. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் எக்காலத்திலும் மத்திய அரசாங்கத்தின் சொத்து. நாம் அதை வைத்திருப்பவர்களே தவிர உடைமையாளர் அல்ல. நமக்குச் சொந்தமில்லாத பொருளை அடகு வைக்க நமக்கு ஏது அதிகாரம்? பிரதியைக் கொடுங்கள், அல்லது ரொக்கமாக முன்பணம் கொடுங்கள். இரண்டுக்கும் சம்மதிக்காத கடைக்காரனை விட்டு விலகிப் போங்கள். வண்டியை எடுக்குமுன் நாலு பக்கமும், அடிப்பாகமும் உட்பட, அவன் முன்னிலையிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள் என்பதை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய லைசென்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விபத்தில் சிக்கினால், பிரயாண இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க மறுப்பதற்கு அதுவே போதிய காரணமாகிவிடும். புறப்படுமுன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அது ஒரு வருஷம் செல்லும். காருக்கு மட்டும் லைசென்ஸ் உள்ளவருக்கு அந்த அனுமதியில் மோட்டார் சைக்கிள் சேராது என்பதையும் கவனியுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தே போய்விட்டால் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்ல வேண்டும். இந்த வரிசை தப்பித்தான் பலர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். முதலில் தொலைந்த இடத்துக்குரிய போலீஸ் நிலையத்தில் முறையிட்டு முத்திரையிட்ட அறிக்கை பெறவேண்டும். அது இல்லாமல் தூதரகத்துக்கு ஓடுவது வீண் அலைச்சல். பிறகு பாங்காக்கில் சுகும்வித் 23-ஆவது சந்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு, போலீஸ் அறிக்கை, தொலைந்த பாஸ்போர்ட்டின் பிரதி, புகைப்படங்கள், திரும்பும் பிரயாண டிக்கெட் ஆகியவற்றோடு போகவேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குச் சியாங் மாய் நகரில் துணைத் தூதரகம் உண்டு. உடனடியாக ஊர் திரும்ப 'எமர்ஜென்ஸி சர்டிபிகேட்' என்ற ஒருவழிப் பிரயாண ஆவணம் தருவார்கள். அது வந்ததும் வேலை முடிந்ததென்று விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். தாய்லாந்தில் நுழைந்தபோது குத்திய முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதல்லவா? நீங்கள் முறைப்படி நுழைந்தவர்தான் என்பதை, செங் வத்தனா சாலையில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் புதிய ஆவணத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாரக்கடைசி குறுக்கிட்டால் இவ்வளவுக்கும் நாட்கள் பிடிக்கும்; அனுமதித்த காலம் தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம், உச்சவரம்பு 20,000 பாட் வரை, அபராதம் உண்டு. ஆகையால், குடிவரவு மேஜையைத் தாண்டியவுடன், அங்கேயே நின்று, அந்த முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். தொலைந்த பாஸ்போர்ட் பிற்பாடு கிடைத்தாலும், தொலைந்ததாக அறிவித்துவிட்டதை வைத்துப் பிரயாணம் செய்யக் கூடாது.

நுழைவுப் படிவத்திலும் ஏமாற்று வந்துவிட்டது. 2025 மே 1 முதல் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது போலி.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்சிகரெட் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அரச குடும்பத்தை இகழ்ந்து பேசுவதோ எழுதுவதோ அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவின்படி மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது, வேடிக்கைக்கும் வேண்டாம். பழமையான புத்தர் சிலைகளை வெளியே கொண்டுவர நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. கைது நேர்ந்தால், தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்பது 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 36-ஆவது பிரிவு தரும் உரிமை. கேளுங்கள், புரியாத மொழியில் எழுதிய எதிலும் அதுவரை கையெழுத்திடாதீர்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து திரும்பும் வழியில் காத்திருக்கிறது. "பெட்டியில் கொஞ்சம் இடம் இருந்தால் இதை மட்டும் கொண்டுபோங்கள், சென்னையில் என் தம்பி வாங்கிக்கொள்வான்" என்று கேட்பவர்களை நம்பி, கஞ்சாப் பொட்டலத்தைச் சுமந்து வந்து, மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டால், எனக்குத் தெரியாது என்று அழுவது பயன்தராது. போதைப்பொருள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி, குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. பிறர் பொருளைச் சுமக்காதீர்கள். உறவினர் அறிமுகப்படுத்தியவராயினும் சுமக்காதீர்கள்.

ஏமாற்றியவர் நம் நாட்டு ஏஜெண்டாக இருந்தால் நிலைமை சற்றுச் சுலபம். வாக்களித்த ஹோட்டல் கிடைக்கவில்லை, படகுப் பிரயாணம் இல்லை என்றால், அங்கிருந்தே ஈமெயிலில் ஆட்சேபம் அனுப்பிவையுங்கள். திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜெண்டின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீது, விளம்பரத் துண்டுப்பிரசுரம், பிரயாண நிரல், ஈமெயில் பிரதி இவை நான்கும் மனுவோடு போகட்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் தேதி தெரியும்படி அச்செடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.