நீலமலையில் மிதிவண்டிப் பயணம்

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே மிதிவண்டியில் சென்று பழகியவர்க்கு ஏற்றம் என்பது கண்மாய்க் கரையளவே. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையைக் கண்டால் அவர் மலைத்து நிற்பார். அப்பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில் பலர் குழுவாகச் சென்று இத்தகைய ஏற்றங்களை மிதித்தே கடந்துள்ளனர்.

இஃது எங்ஙனம் இயலும்? முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், ஒருமுறை மிதிக்கப் பின்சக்கரம் மும்முறை சுழலும். இரண்டிலும் 32 பற்களாயின் ஒருமுறையே சுழலும். மிதிக்கும் விசையும் குறையும். ஆனால் அதே தொலைவுக்கு மும்மடங்கு மிதித்தாக வேண்டும். உழைப்பில் இலாபம் ஒன்றுமில்லை!

ஏற்றத்தினும் பெரிய இடர், அதற்கு முன் வரும் முதுமலைக் காட்டில் உள்ளது. 2007 இல் புலிகள் காப்பகமாக்கப்பட்ட இக்காடு யானைகளுக்கும் உறைவிடம். மோட்டார் வண்டியின் ஓசையை விலங்குகள் தொலைவிலேயே உணரும். மிதிவண்டியோ ஓசையின்றி வருவது. வளைவைக் கடந்ததும் அது யானையின் எதிரே போய் நின்றால், அஞ்சுவது மனிதன் மட்டுமன்று, யானையும் அஞ்சும். அஞ்சிய யானை துரத்தினால் மிதித்துத் தப்புதல் அரிது.

ஆதலின் இத்தகைய காட்டில் வனத்துறையின் இசைவு பெற்று, எவரும் முந்தாமல், வழிகாட்டியின் பின்னே குழுவாகச் செல்லுதல் வேண்டும். முறிந்த மூங்கிலையும் சாலையில் கிடக்கும் இலத்தியையும் அவர் கண்கள் தேடும். இலத்தி புதிதாயின் அவர் கையை உயர்த்துவார், குழு நிற்கும். யானைக்கூட்டம் சாலையைக் கடந்து மறையும்வரை ஒருவரும் மணியடிப்பதில்லை.