மிதக்கும் காற்றாலைக்கு ஏற்ற வாயு எது?

உயர்ந்த கோபுரத்தின் மேல் சுழலும் காற்றாலைகளை உழவர்கள் நன்கு அறிவர். கோபுரமே இன்றி, வாயு நிரப்பிய பெரிய உறையின் துணையால் வானில் மிதக்கும் காற்றாலைகளும் இப்போது சோதிக்கப்பட்டு வருகின்றன. 2012-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இத்தகைய காற்றாலை ஒன்று சுமார் 107 மீட்டர் உயரத்தில் மின்சாரம் உற்பத்தி செய்தது. 2025-ல் சீனாவின் ஹாமியில் அதைவிடப் பெரியது ஏற்றிப் பார்க்கப்பட்டது. இரண்டிலும் நிரப்பப்பட்டது ஹீலியம் வாயு.

உயரத்தின் பயன்

மேலே செல்லச் செல்லக் காற்றின் வேகம் பொதுவாகக் கூடும். வேகம் இரு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். உறையைத் தரையோடு பிணைக்கும் வடத்தின் வழியே மின்சாரம் கீழே வருகிறது.

தூக்கும் திறன்

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோ எடையைத் தூக்கும். அதே அளவு ஹீலியம் சுமார் 1 கிலோவைத் தூக்கும். ஹைட்ரஜனை நீரிலிருந்தே பிரித்தெடுக்கலாம். ஹீலியமோ சில இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்தே கிடைப்பதால் விலை அதிகம். எனவே ஹைட்ரஜனை நாடத் தோன்றுவது இயல்பு.

தீ அபாயம்

சாண எரிவாயுவிலுள்ள மீத்தேன், காற்றில் 5 முதல் 15 சதம் வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். ஹைட்ரஜன் 4 முதல் 75 சதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். மிகச் சிறிய பொறியே போதும். பகலில் அதன் சுடரும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மிதக்கும் காற்றாலையில் மின் கருவிகள் உறையை ஒட்டியே இயங்குகின்றன. மின்னல் தாக்கும் வாய்ப்பும் உண்டு.

ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் ஹீலியத்துக்கென்றே திட்டமிடப்பட்டது. அது கிடைக்காததால் ஹைட்ரஜன் நிரப்பினர். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்கும்போது அது தீப்பற்றி, ஒரு நிமிடத்துக்குள் எரிந்து வீழ்ந்தது. 36 பேர் மாண்டனர்.

ஹீலியத்திலும் கவனம் தேவை

ஹீலியம் எரியாது. ஆயினும் அது சுவாசிக்க உதவாது. நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வாயு உருளைகளைக் காற்றோட்டமான இடத்தில், வெயில் படாமல், நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், பாழுங்கிணற்றில் இறங்குவதுபோல உடனே பின்னால் புகக்கூடாது. கதவு, சன்னல்களைத் திறந்து நன்கு காற்று புகச் செய்தல் அவசியம்.

கன மீட்டருக்கு 100 கிராம் கூடுதலாகத் தூக்கும் என்பதற்காகவும் விலை குறைவு என்பதற்காகவும் ஹைட்ரஜனைத் தேர்ந்தெடுப்பது சிக்கனமாகாது. வீட்டுக்கும் வைக்கோற்போருக்கும் அருகே எந்த உறையை ஏற்றினாலும், உள்ளே நிரப்பியிருப்பது என்ன வாயு என்பதை முதலில் கேட்டறிவதே நலம்.