இஞ்சி முதலில், பால் பிறகு

மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸிலிருந்து மாதேஸ்வரன் மலையில் இறங்கியதும், கோயிலுக்கு முன் கால் தானாகப் போவது டீக்கடைக்குத்தான். பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்த இந்த மலை, 1997 முதல் சாமராஜநகரைச் சேர்ந்தது. உயரம் சுமார் 3,000 அடி. அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை. 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டீக்கு இது பெரிய நஷ்டமில்லை. கூடக் கொஞ்சம் கொதித்தால் போதும்.

மசாலா டீ போடுகிற மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். நசுக்கிய இஞ்சி கொதிநீரில் விழுகிறது. பாலை அவர் இன்னும் தொடவில்லை. காரணம், பச்சை இஞ்சியில் உள்ள ஜிஞ்சிபெயின் என்ற நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். பாலில் கேசீன் என்ற புரதம் நுண்மணிகளாக மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் 5,000 மணிகளை வரிசையாக அடுக்கிவிடலாம். மணிகளின் மேல் ரோமம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள்தான் அவற்றை ஒட்டவிடாமல் விலக்கி வைக்கின்றன. ஜிஞ்சிபெயின் அந்த இழைகளைக் கத்தரித்துவிடும். மணிகள் ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். சீனாவின் குவாங்டோங்கில் இதையே இனிப்பாக்கிவிட்டார்கள்: இஞ்சிச் சாற்றின் மேல் சூடான பாலை ஊற்றினால் சில நிமிடங்களில் தயிர்போல் உறைகிறது. கொதிநீரில் வெந்த இஞ்சியிலோ நொதி செயலிழந்துவிடும். சாமர்த்தியம்!

அடுத்தது தூள். உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரம் 1930-இல் அசாமின் அம்குரி தோட்டத்தில் பிறந்தது. அந்தச் சிறு குருணையிலிருந்து சாயமும் துவர்ப்பும் சட்டென்று இறங்கும். பால் இல்லாமல் குடித்தால் நாக்கு வறளும். பாலை ஊற்றியதும் கேசீன் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இஞ்சிக்குத் தடையாக இருந்த அதே கேசீன்!

இஞ்சியின் காரம் சுவையே அல்ல. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் நரம்பு உணரிகளை, இஞ்சியின் ஜிஞ்சரால் என்ற பொருளும் எழுப்பிவிடுகிறது. மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அதன் காரம் இன்னும் கடுமை.

ஏலக்காயின் மணம் சீக்கிரம் ஆவியாகும். கொதி அடங்குகிற நேரத்தில்தான் மாஸ்டர் அதைத் தட்டிப் போடுகிறார். காலையிலேயே பொடித்துத் திறந்து வைத்திருக்கிற கடையென்றால், சாயங்கால டீயில் ஏலக்காயைத் தேடாதீர்கள்.