வில்ஷயர் வீதியும் நிலக்கீழ் இரயிலும்: சமூகக் கோரிக்கை பற்றிய ஒரு நோக்கு

நகரமொன்றின் பிரதான வீதிக்கு அடியில் இரயில்பாதை அமைய வேண்டுமென மக்கள் கோரும்போது, அது ஒரே குரலாகவே எமது செவிக்கு எட்டுகின்றது. ஆயின், அக்குரலுக்குள் எத்தகைய நலன்கள் அடங்கியுள்ளன, எவரது குரல் எக்காலத்தில் அம்பலமேறுகின்றது என்பன ஆராயப்பட வேண்டியவை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்ஷயர் வீதியின் கீழ் இரயில் வேண்டி நிகழ்ந்த நீண்ட இயக்கத்தை இந்நோக்கில் அணுகுவது பயனுடைத்து.

வில்ஷயர் வீதி நகர மையத்திலிருந்து மேற்கே சாந்தா மொனிக்காக் கடற்கரை வரை ஏறத்தாழ 25 கிலோமீற்றர் நீள்வது. அலுவலகங்களும் கடைத்தொகுதிகளும் நூதனசாலைகளும் செறிந்த வீதி அது. நிலக்கீழ் இரயிலுக்கு இதனினும் பொருத்தமான தடம் அந்நகரில் இல்லை எனல் மிகையன்று. இருந்தும், 1993 இல் முதற்பகுதி திறக்கப்பட்டு, 1996 இல் வெஸ்டேர்ண் வீதிச் சந்தியை எட்டிய பாதை, பல்லாண்டுகள் அச்சந்தியைத் தாண்டவில்லை. இதற்குரிய காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, அச்சம். 1985 மார்ச் மாதம், வில்ஷயருக்கு அண்மையிலுள்ள பெயர்பெக்ஸ் பகுதியின் துணிக்கடை ஒன்றில் நிலத்தடி மீதேன் வாயு புகுந்து வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அப்பகுதி பழைய எண்ணெய் வயல் ஒன்றின் மேல் அமைந்தது. அங்கு அவ்வேளை எவ்விதச் சுரங்க வேலையும் நடைபெறவில்லை. எனினும், அப்பகுதியின் பிரதிநிதியான ஹென்றி வக்ஸ்மனின் முயற்சியால், அவ்விடத்தில் சுரங்கம் தோண்ட மத்திய அரசின் நிதியைப் பயன்படுத்துவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. வாயு பற்றிய அச்சம் மெய்யானதே. ஆயினும், வசதி படைத்த அயல்கள் இரயிலோடு வந்துசேரும் அந்நியரையும் அடர்ந்த கட்டடங்களையும் விரும்பவில்லை என்பதும் பலராற் சுட்டப்பட்ட உண்மையாகும்.

இரண்டாவது, வறியோரின் எதிர்ப்பு. இதுவே எமது ஆய்வுக்கு முதன்மையானது. 1994 இல் போக்குவரத்து அதிகாரசபை பஸ் கட்டணத்தை 1.10 டொலரிலிருந்து 1.35 டொலராக உயர்த்தவும் மாதாந்தப் பருவச்சீட்டை ஒழிக்கவும் தீர்மானித்தது. அக்காலத்துப் பயணிகளுட் பெரும்பான்மையோர் பஸ்ஸையே நம்பியிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க, ஆசிய வழியினருமான உழைப்பாளர். நிதியோ இரயிலை நோக்கிப் பாய்ந்தது. பஸ் பயணிகள் சங்கம் நீதிமன்றை நாடியது. பருவச்சீட்டைப் பேணவும், பஸ் வண்டிகளைப் பெருக்கி நெரிசலைக் குறைக்கவும் அதிகாரசபையைக் கட்டுப்படுத்தும் பத்தாண்டு உடன்பாடு ஒன்று 1996 இல் ஏற்பட்டது. இரயிலை எதிர்த்தவர் யாவரும் முன்னேற்றத்தின் பகைவர் என்ற எளிய முடிபு இங்கு தகர்கின்றது.

மூன்றாவது, நம்பிக்கையின் சரிவு. 1995 இல் ஹொலிவூட் வீதியில் சுரங்க வேலையின்போது நிலம் உள்வாங்கிப் பெரும் பள்ளம் விழுந்தது. 1998 இல் வாக்காளர், உள்ளூர் விற்பனை வரியைப் புதிய நிலக்கீழ்ப் பாதைகளுக்குச் செலவிடுவதைத் தடைசெய்தனர்.

இவ்வாறு அடைபட்ட வழி எவ்வாறு திறந்தது? 2005 இல் நிபுணர் குழுவொன்று, நவீன இயந்திரங்களால் அந்நிலத்தைப் பாதுகாப்பாகத் துளைக்கலாமென அறிவித்தது. வக்ஸ்மனும் தடையை நீக்க இசைந்தார். 2007 இல் அது நீங்கியது. அதே 2005 இல் நகரபிதாவாகத் தெரிவான அன்ரோனியோ வில்லறைகோசா, கடல்வரை இரயில் என்பதைத் தமது முழக்கமாக்கினார். தொழிற்சங்கத்தினரும் சூழல் பேணுவோரும் வர்த்தகரும் ஓரணியில் நின்றனர். 2008 நவம்பரில், டொலருக்கு அரைச் சதம் வீதம் முப்பதாண்டு அறவிடும் விற்பனை வரி வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. அதனைச் சற்றே விஞ்சி வென்றது. 2014 இல் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமும் ஏழு நிலையங்களும் கொண்ட நீட்சிக்கான பணிகள் முறைப்படி தொடங்கின. இடையில், பெவர்லி ஹில்ஸ் உயர்தரப் பாடசாலையின் கீழ்ச் சுரங்கம் செல்வதை எதிர்த்து அந்நகரமும் பாடசாலைச் சபையும் தொடுத்த வழக்குகள் திட்டத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

ஒன்றை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். விற்பனை வரி, வருமானம் குறைந்தவரின் பையிலிருந்தே விகிதத்திற் கூடுதலாக எடுப்பது. எனவே, இரயிலில் ஏறாத கூலித் தொழிலாளியும் அதன் பங்காளியே. 2008 வரியில் 20 சதவீதம் பஸ் சேவையை நடத்த ஒதுக்கப்பட்டது. இதனைச் சலுகையெனக் கொள்ளாது, 1994 இன் போராட்டம் முன்வைத்த நியாயத்தின் எதிரொலியாகவே நாம் கொள்கின்றோம். அப்பங்கு போதுமா என்பது வேறு வினா.

வில்ஷயரில் ‘சமூகம்’ என்பது ஒன்றாக இருக்கவில்லை. வசதியுள்ள அயலும், பஸ்ஸில் நின்று பயணித்த உழைப்பாளரும் வெவ்வேறு காரணங்களால் அப்பாதையை எதிர்த்தனர். முன்னையோரின் தடை, தொழில்நுட்பம் விளக்கம் அளித்ததும் தளர்ந்தது. பின்னையோரின் வினாவுக்குத் தொழில்நுட்பத்தில் விடையில்லை. அதற்கான விடை பங்கீட்டில் உள்ளது. பிரதான வீதிக்கு இரயில் கேட்போர், பக்கத்து வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரையும் தமது கோரிக்கையுட் சேர்த்தல் வேண்டும். அதுவரை அக்கோரிக்கையை மக்கள் கோரிக்கை என அழைப்பது பொருந்தாது.