சுழலும் முக்கோணம் – 9: எந்த எண் பெட்ரோல்?

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டாரின் மூன்று முனைகளிலும் செருகியிருக்கும் ஏபெக்ஸ் சீல்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சிறு பட்டைகளைக் காக்கவும் முறிக்கவும் வல்ல பெட்ரோலுக்கு இந்த வாரம் வருவோம். ரோட்டரி கார் வைத்திருப்பவர்களுக்குள் இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பங்க்கில் இருப்பதிலேயே உயர்ந்த ரகத்தைத்தான் இந்த எஞ்சினுக்கு ஊற்ற வேண்டும் என்பது ஒரு கட்சி. ரோட்டரிக்குச் சாதாரண பெட்ரோலே உகந்தது, உயர்ந்த ரகம் ஊற்றினால் உள்ளே கரி சேரும் என்பது மற்றது. இரு தரப்பும் ‘ரோட்டரி’ என்ற பெயரை வைத்தே முடிவுக்கு வந்துவிடுகின்றன. என் கணிப்பு வேறு. டர்போ இருக்கிறதா இல்லையா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. டர்போ இல்லாத ரோட்டரி, அதன் கம்ப்ரஷனைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த ஆக்டேனிலேயே நிம்மதியாக ஓடும். டர்போ பூட்டிய ரோட்டரியோ, அதே அளவு பிஸ்டன் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும் தவறைக்கூடப் பொறுக்காது.

ஆக்டேன் எண் எதை அளக்கிறது என்பதில் தெளிவு வந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1926-இல் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் இரண்டு திரவங்களை அளவுகோலாக முன்வைத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டென்று தட்டிவிடும் நார்மல் ஹெப்டேனுக்கு 0. சோதனை எஞ்சினில் ஒரு பெட்ரோல் இவ்விரண்டின் எந்தக் கலவைக்கு ஈடாக நடந்துகொள்கிறதோ, அந்தக் கலவையில் உள்ள ஐசோ ஆக்டேனின் சதவீதமே அதன் எண். தட்டுவது என்றால், மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது. பிளக் மூட்டிய தீ ஒரு பக்கமிருந்து பரவி வரும்போது, இன்னும் எரியாத மீதிக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்கிறது. எரிதலாக நடக்க வேண்டியது அங்கே அடியாக இறங்குகிறது. அப்படித் தானாகப் பற்றாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டுமே ஆக்டேன் எண் சொல்கிறது. பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது, எவ்வளவு சுத்தமானது, எவ்வளவு வேகமாக எரியும் என்பதெல்லாம் அதில் வராது. பங்க்கில் எழுதியிருக்கும் ‘பிரீமியம்’ ஒரு விற்பனைச் சொல், அவ்வளவுதான்.

எண்ணிலேயே இன்னொரு குழப்பமும் இருக்கிறது, அதில் சிக்கிக்கொள்பவர்கள் ஏராளம். சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டிப் பெறுவது ரிசர்ச் ஆக்டேன் எண், சுருக்கமாக ரான். அதையே 900 சுற்றில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஓட்டிப் பெறுவது மோட்டார் ஆக்டேன் எண். இது எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். ஐரோப்பா, ஜப்பான், இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் ரான் எண்ணைப் பம்பில் எழுதுகின்றன. அமெரிக்காவோ இரண்டின் சராசரியை எழுதுகிறது. எனவே அமெரிக்காவின் 91 ஏறக்குறைய 96 ரானுக்குச் சமம். அங்கே சாதாரண ரகமான 87, சுமார் 91 ரான். அமெரிக்கக் கையேட்டை இணையத்தில் இறக்கிப் படிக்கும் ஒரு கொழும்புக்காரர், ‘91 கேட்கிறார்கள், எங்கள் ஊரில் 92 இருக்கிறதே’ என்று மகிழ்ந்தால் அது தப்புக் கணக்கு. அவர் ஊற்ற வேண்டியது 95.

இனி எஞ்சினுக்குள் போவோம். பிஸ்டன் எஞ்சினில் காற்று நுழைவதும் எரிவதும் வெளியேறுவதும் ஒரே அறையில்தான். போன சுழற்சியில் கொதித்த எக்ஸாஸ்ட் வால்வு அடுத்த கலவைக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. ரோட்டரியில் கலவை ஓரிடத்தில் உள்ளே வருகிறது, வேறோர் இடத்தில் எரிகிறது. உள்ளிழுக்கும் பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கிறது, செந்தழலாகக் காயும் வால்வு என்று எதுவுமே கிடையாது. எரியும் அறையின் வடிவமும் வேறு. வாழைப்பூ மடல் போல நீண்டு, வளைந்து, மெலிந்த அறை அது. உள்ளிருக்கும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால் சுவர்ப் பரப்பு மிக அதிகம், ஆகவே கடைசியில் எரிய வேண்டிய கலவையின் சூட்டைச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. இதே காரணத்தால்தான் ரோட்டரி பெட்ரோலை அதிகம் குடிக்கிறது, எரியாத புகையையும் அதிகம் விடுகிறது. மைலேஜில் கொடுக்கும் அபராதம் நாக்கிங்குக்கு எதிரான காப்பாகத் திரும்பி வருகிறது என்று சொல்லலாம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ரோட்டரியில் ஒவ்வொரு கட்டமும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் (பிஸ்டன் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஈடானது) 270 டிகிரிச் சுழற்சியை எடுத்துக்கொள்கிறது. பிஸ்டனில் அது 180 டிகிரி மட்டுமே. கலவை அழுத்தத்தில் கிடக்கும் நேரம் கூடினால் தானாகப் பற்றும் வாய்ப்பும் கூட வேண்டுமல்லவா? கூடத்தான் செய்கிறது. அதோடு, அறையின் பின்பகுதிக்குத் தீ எளிதில் போவதில்லை. ரோட்டார் சுழலும்போது வாயு முன்பக்கமாகத் தள்ளப்படுகிறது, தீயும் அதே திசையில் ஓடுகிறது. பின்பகுதியைக் கவனிக்கத்தான் ஒரு ரோட்டாருக்கு லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு பிளக்குகள். 1991-இல் லே மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் ரோட்டாருக்கு மூன்று. ரோட்டரி தட்டும்போது, அந்தப் பின்பகுதியில்தான் பெரும்பாலும் தட்டும். ஆனாலும் மொத்தக் கணக்கில் குளிர்ந்த உள்வாயும் பரந்த சுவர்களுமே வெல்கின்றன. நடைமுறையே இதற்குச் சாட்சி. துளி வெப்பம் பட்டாலும் பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனைப் பிஸ்டன் எஞ்சினில் கட்டுப்படுத்துவது கடினம். அதையே எரித்து ஓடும் ஆர்எக்ஸ்-8 கார்களை மாஸ்டா 2006-இல் ஜப்பானில் வாடகைக்கு விட்டது. வெப்பப் புள்ளியால் முன்கூட்டியே பற்றுவதும் நாக்கிங்கும் ஒன்றல்லதான், இரண்டுக்கும் தாய் சூடு. மாஸ்டாவின் எம்எக்ஸ்-30 காரில் ஜெனரேட்டராக வேலை செய்யும் ஒற்றை ரோட்டார் எஞ்சினின் கம்ப்ரஷன் 11.9. ஜப்பானில் அதற்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்கிறார்கள். நேரடியாக அறைக்குள் பீச்சும் பெட்ரோல் கலவையைக் குளிர்விப்பதும் அங்கே துணை நிற்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

1970-களின் தொடக்கத்தில், எளிதில் தட்டாத இந்தக் குணத்துக்குப் பெரிய விலையே பேசினார்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுக்கும் என்பதால் பெட்ரோலிலிருந்து அதை எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. ஈயம் போனால் ஆக்டேனும் இறங்கும். குறைந்த ஆக்டேனைப் பொருட்படுத்தாத எஞ்சின் என்பது அன்று வரமாகத் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் 5 கோடி டாலருக்கு ரோட்டரி எஞ்சினுக்கான உரிமம் வாங்க ஒப்பந்தம் செய்ததன் பின்னணியில் இதுவும் ஒன்று. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் ரோட்டரியின் பெட்ரோல் தாகம் அந்தக் கனவைக் கலைத்தது வேறு கதை.

இப்போது இரண்டாம் கட்சிக்காரர்களின் வாதத்துக்கு வரலாம். குறைந்த ஆக்டேன் வேகமாக எரியும், நீண்ட அறை கொண்ட ரோட்டரிக்கு அதுவே தேவை, உயர்ந்த ஆக்டேன் முழுதும் எரியாமல் கரியாகிவிடும் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, அடிப்படைதான் தவறு. தானாகப் பற்ற மறுப்பதும் மெதுவாக எரிவதும் ஒன்றல்ல. தீ பரவும் வேகம் பெட்ரோலில் எந்த ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கின்றன, காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், உள்ளே எவ்வளவு கொந்தளிப்பு என்பவற்றைச் சார்ந்தது. கரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை இன்னும் எளிது. சீல்களுக்கு மசகாக எஞ்சின் ஆயிலையே ஒரு பம்ப் அறைக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது, அது எரிந்து மிஞ்சுவது ஒரு பங்கு. குளிரில் ஸ்டார்ட் செய்து இரண்டு தெரு ஓட்டி நிறுத்தும் பழக்கம் இன்னொரு பங்கு. இதற்கு மருந்து நல்ல டிடர்ஜென்ட் கலந்த பெட்ரோலும், சூடேறிய எஞ்சினை அவ்வப்போது உயர்ந்த சுற்றுக்கு விரட்டுவதும். டிடர்ஜென்டுக்கும் ஆக்டேன் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. சில கம்பெனிகள் உயர்ந்த ரகத்தில் மட்டும் அதை அதிகம் கலக்கின்றன, அதனால்தான் முதல் கட்சிக்காரர்கள் எண் சுத்தம் செய்கிறது என்று நம்புகிறார்கள். ஆகவே டர்போ இல்லாத பழைய ஆர்எக்ஸ்-7 காருக்கு 91 ரான் போதும். 98 ஊற்றினால் கெடுதல் ஒன்றுமில்லை, பணம்தான் வீண்.

ஆர்எக்ஸ்-8 இடைப்பட்ட இனம். அதன் ரெனிசிஸ் எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் 10. அமெரிக்கக் கையேடு அந்நாட்டு எண்ணில் 91 ஊற்றச் சொல்லிவிட்டு, 87-உம் ஊற்றலாம், திறன் சற்றுக் குறையும் என்கிறது. நாக் சென்சார் தட்டலைக் கேட்டு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். புதிய எஞ்சினில், மிதமான வெயிலில், இந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கார்கள் விற்பனைக்கு வந்தது 2003-இல், உற்பத்தி நின்றது 2012-இல். இன்று ஓடுபவை எல்லாமே வயதானவை. உள்ளே படிந்த கரி வெப்பப் புள்ளியாகிறது. ரேடியேட்டரும் முன்போல் குளிர்விப்பதில்லை. கையேடு எழுதியபோது இருந்த எஞ்சின் இதுவல்ல என்பதால், 95 கிடைக்கும் ஊரில் 95-ஐயே நான் சொல்வேன். கூடவே ஒரு எச்சரிக்கை. இந்த மாடலில் இக்னிஷன் காயில்கள் தளர்வது பேர்போன நோய். கார் திணறினால் பெட்ரோல் ரகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் முதலில் காயிலைப் பார்க்க வேண்டும்.

டர்போ ரோட்டரியில் மேலே சொன்ன தாராளம் எல்லாம் செல்லாது. 1991 முதல் 2002 வரை வந்த கடைசி ஆர்எக்ஸ்-7-இன் கம்ப்ரஷன் 9 மட்டுமே. காகிதத்தில் சாதுவான எண். அதன் மேல் இரட்டை டர்போ சுமார் 0.7 பார் காற்றை அழுத்தித் திணிக்கிறது, திணிக்கும்போது சூடாக்கியும் விடுகிறது. அறைச் சுவர்கள் தந்த காப்பு இங்கே கரைந்துபோகிறது. பிஸ்டன் எஞ்சின் நாலு முறை தட்டினால் பல நேரம் தப்பிவிடும். ரோட்டரியில் அந்த அடி நேராக விழுவது 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள வார்ப்பிரும்பு ஏபெக்ஸ் சீல் மேல். வார்ப்பிரும்பு வளையாது, முறியும். முறிந்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறிக்கொண்டே எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவின் விசிறியையும் சிதைக்கும். ஒரு முழு எஞ்சின் செலவு அது.

நாக் சென்சார் இந்தக் காரிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்சார், தட்டிய பிறகுதான் கேட்கும். முதல் அடியைத் தடுக்க அதனால் ஆகாது. டைமிங்கைப் பின்னிழுத்தால் எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, ஏற்கெனவே கொதிக்கும் ரோட்டரி எக்ஸாஸ்டுக்கு அது நல்லதல்ல. எதிர்ப்பக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. உயர்ந்த ஆக்டேன் ஊற்றிவிட்டோம், இனி பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் அழுத்தத்தை, எவ்வளவும் ஏற்றலாம் என்பது அது. சோர்ந்த பெட்ரோல் பம்ப் கலவையை வறட்சியாக்கினால் 98-உம் காப்பாற்றாது.

ஆகவே டர்போ ரோட்டரி வைத்திருப்பவர்கள் ஊரில் கிடைக்கும் மிக உயர்ந்த எண்ணையே ஊற்றுங்கள், 95 ரானுக்குக் கீழே இறங்காதீர்கள். வழியில் வேறு கதியில்லாமல் 91 ஊற்ற நேர்ந்தால் தேவையான அளவு மட்டும் ஊற்றி, பூஸ்ட் ஏறாதபடி ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து ஓட்டுங்கள். அடுத்த பங்க்கில் 98 நிரப்பினாலும் டேங்கில் பாதிக்குப் பாதி கலந்தால் கிடைப்பது 94, 95 அளவுதான். அந்த டேங்க் தீரும் வரை அவசரப்பட வேண்டாம்.