கூட்ஸ் ரயில் எஞ்சினில் இருக்கும் 'ஜி' எங்கிருந்து வந்தது? 2,450 நீராவி எஞ்சின்களின் கதை

லெவல் கிராசிங்கில் காத்திருக்கும்போது கடந்து போகும் கூட்ஸ் ரயிலின் எஞ்சினில் 'டபிள்யூஏஜி-9' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீங்க. 'டபிள்யூ' என்றால் அகல ரயில்பாதை, 'ஏ' என்றால் ஏசி மின்சாரம், 'ஜி' என்றால் கூட்ஸ். இதன் மூதாதை, நீராவியில் ஓடிய 'டபிள்யூஜி'.

ஏன் தேவைப்பட்டது?

சுதந்திரம் கிடைத்தபோது, இரண்டாம் உலகப் போரின் சுமையால் ரயில்வே தேய்ந்துபோயிருந்தது. புது எஞ்சின் வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். 1950-ல் முதல் டபிள்யூஜி எஞ்சின்களும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்துதான் வந்தன.

அதே ஆண்டு நிலைமை மாறியது. மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலையில் உருவான முதல் எஞ்சினை, நவம்பர் 1-ம் தேதி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அர்ப்பணித்தார். பெயர் 'தேசபந்து'. அதுவும் ஒரு டபிள்யூஜிதான். தொடக்கத்தில் பல பாகங்கள் இறக்குமதி. போகப் போக உள்நாட்டிலேயே செய்தார்கள்.

என்ன ஸ்பெஷல்?

எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்த 'டபிள்யூபி' எஞ்சினின் அதே பாய்லர்தான் இதற்கும். ஆனால் சக்கரம் சிறியது, சுமார் ஐந்தடி விட்டம். சக்கரம் சின்னதானால் வேகம் குறையும், இழுக்கும் பலம் கூடும். சாம்பல் அதிகமுள்ள நம்ம ஊர் நிலக்கரியையும் எரிக்க, நெருப்புப் பெட்டியை அகலமாக வைத்தார்கள்.

1970 வரை தயாரித்தது ஏன்?

1961-லேயே அதே ஆலையில் மின்சார எஞ்சின் தயாரிப்பு தொடங்கிவிட்டது. பிறகும் 9 வருஷம் நீராவியா? காரணம் இருக்கு. டீசலுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், மின்சாரத்துக்கு வழி முழுக்கக் கம்பி இழுக்க வேண்டும். நிலக்கரியோ நம்மிடமே இருந்தது.

ஆனால் எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட ரயிலை இழுக்கப் பயன்படவில்லை. வழியில் நின்று தண்ணீர் பிடிக்கணும், சாம்பல் அள்ளணும், அனலில் நின்று கரி அள்ளிப்போட ஆட்கள் வேணும்.

கடைசி நட்சத்திரம்

1970 ஜூனில் சித்தரஞ்சனின் கடைசி அகல ரயில்பாதை நீராவி எஞ்சின் வெளிவந்தது. பெயர் 'அந்திம் சிதாரா', அதாவது கடைசி நட்சத்திரம். அதுவும் டபிள்யூஜிதான். மொத்தம் 2,450 எஞ்சின்களோடு அந்த வகை முடிந்தது. 1995-ல் அகல ரயில்பாதையில் வழக்கமான நீராவி சேவையே நின்றுபோனது.

'ஜி' மட்டும் நிற்கவில்லை. டபிள்யூஏஜி-9 எஞ்சின்களும் அதே சித்தரஞ்சன் ஆலையில் தயாராகின்றன.